வோபர்னில் ஒரு பொம்பிளை மடம்

பேர்ணடெற் அக்காவின் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை எதுவும் இருந்ததில்லை. இருந்தாலும் தொண்ணூறுகளில் டொரன்டோவின் ஸ்காபரோப் பகுதியில் எந்தத் தமிழ்க் கடையில் போய் நின்று "பொம்பிளை மடம் எங்கை இருக்கு?" என்று கேட்டாலும், கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தாமலே வழி சொல்வார். வோபர்னில், மார்க்கம் ரோட்டு பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம் உள்ளே நடந்தால், பச்சைக் கதவு போட்ட ஒரு பழைய வீடு. மேலே மூன்று அறை, கீழே பேஸ்மென்டில் இரண்டு. சொந்தக்காரர் ஒரு இத்தாலியக் கிழவர். அக்கா வீட்டை அவரிடம் வாடகைக்கு எடுத்து, கட்டில் கட்டிலாகத் திருப்பி வாடகைக்கு விட்டிருந்தார்.

மடம் என்பது எங்கள் ஆட்கள் கேலியாக வைத்த பட்டம். முதலில் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன சத்திரமோ நடத்திறன்?" என்று கோபித்தார். பிறகு அவரே ரெலிபோனை எடுத்து "ஓம், மடந்தான், சொல்லுங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் கனடாவில் இருந்த எங்கள் பெடியன்கள் ஊரில் இருந்து பெண் எடுப்பதென்றால் படத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பெண் கொழும்பில் விமானம் ஏறி இங்கே வந்து இறங்குவாள். இறங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும் என்பது கனடாவின் சட்டம். தாலி ஏறும்வரை மாப்பிள்ளை வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். சொந்தக்காரர் இருக்கிற பெண் தப்பிவிடுவாள். ஒருவரும் இல்லாதவள் சூட்கேசோடு எங்கே போவாள்? குமர்ப்பிள்ளையைத் தனியாக ஹோட்டலில் விட யாருக்கும் மனம் வராது. விட்டாலும் கட்டுப்படியாகாது. ஆகவே அவளைக் கொண்டுவந்து பேர்ணடெற் அக்காவிடம் விடுவார்கள்.

நானும் அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். பொம்பிளையாக அல்ல. பிளாஸ்ரிக் மூடி செய்கிற பக்ரறி ஒன்றில் வேலை செய்துகொண்டு, மாடியில் இருந்த மிகச் சின்ன அறையில் இருந்தேன். கலியாணம் என்று யாராவது என்னிடம் வாயெடுத்தால் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "துர்க்கா, உனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதைக் குறைச்சியெண்டால் உனக்கும் ஒண்டு பாக்கலாம்" என்பார் அக்கா. நான் குறைக்கவில்லை.

அக்கா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். கணவர் எட்வேட் கடல் தொழில் செய்தவர். எண்பத்தைந்தில் ஒருநாள் கடலுக்குப் போனவர் உயிரோடு கரைக்கு வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அக்கா தனி மனுசியாக மொன்றியல் வழியாக இங்கே வந்து சேர்ந்து, முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டார். கூட வேலை செய்த ஒருத்தி, தன் தம்பிக்கு வரப்போகிற பெண்ணை இரண்டு கிழமைக்கு வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். வைத்திருந்தார். அந்தப் பெண் தாலியோடு போய்ச் சேர்ந்த அடுத்த மாதம் அவளுடைய சிநேகிதி வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு பச்சைக் கதவுக்கு ஓய்வே இல்லை.

வசதி என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. குளியலறை ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும். நாலு பேர் குளித்த பிறகு போகிறவளுக்குப் பச்சைத்தண்ணீர்தான். சுவர் மெல்லியது, ஒருத்தி தும்மினால் அடுத்த அறையில் இருப்பவள் "கடவுளே" என்பாள். ஆனால் விடியற்காலையில் குசினியில் புட்டு அவியும் வாசம் மாடிவரை வரும். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. வந்து இறங்கிய முதல் நாள் எந்தப் பெண்ணையும் அக்கா ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். சோறு போட்டு, படுக்கச் சொல்லிவிட்டு, அவள் தானாக எழும்பும்வரை மாடியில் யாரையும் சத்தம் போட விடமாட்டார். வாசலடியில் வரிசையாகக் கோட்டுகள் தொங்கும். தை மாதத்தில் செருப்போடு வந்து நிற்கிறவள் அதில் அளவானதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், கலியாணம் முடித்துப் போகும்போது திருப்பித் தொங்கவிட வேண்டும். அதில் ஒரு ஊதாக் கோட்டைப் போட்டவர்களுக்கெல்லாம் முதல் பிள்ளை பெட்டைதான் பிறந்தது என்று வீட்டில் ஒரு கதை இருந்தது. ஆண் பிள்ளைக்கு ஆசைப்பட்டவர்கள் குளிரில் நடுங்கினாலும் அதைத் தொடமாட்டார்கள்.

கலியாணக் கிழமைக்கு வாடகை கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தக் கிழமை இது பொம்பிளை வீடு. தாய் வீட்டிலை பிள்ளை வாடகை குடுத்தே இருக்கிறது?" என்றார்.

மாப்பிள்ளைமார் சனி, ஞாயிறு மட்டும் வரலாம். முன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதைக்கலாம். ஆனால் தேத்தண்ணி கிடைப்பதற்கு முதல் ஒரு வேலை இருந்தது. மாரியென்றால் வாசலில் பனி அள்ள வேண்டும், கோடையென்றால் புல் வெட்ட வேண்டும். பெரிய கணக்காளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்கூட கழுத்து ரையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பனி அள்ளுகிற சவலைப் பிடித்தார்கள். அக்கா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார். தான் நடக்கிற அளவுக்கு மட்டும் பனியைத் தள்ளிவிட்டு வருகிறவனை அவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவனின் தேத்தண்ணிக்குச் சீனி குறைத்துப் போடுவார். தண்டனை அவ்வளவுதான்.

டொரன்டோவில் இதைவிட மலிவான ஒரு இடம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த வீட்டில் இருந்தேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஆனால் இவ்வளவும் செய்த மனுசி, தன் வாசலால் போன ஒரு கலியாணத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முழுவியளம் பார்ப்பார்கள். வாசலைத் தாண்டும்போது முதலில் எதிர்ப்படுகிற ஆளைப் பொறுத்துத்தான் போகிற காரியம் என்று நம்புவார்கள். அதனால் தாலிகட்டின சுமங்கலி ஒருவரை நிறைகுடத்தோடு எதிரே வரச் சொல்வார்கள். கணவனை இழந்தவர் தவறிக்கூட எதிரே வந்துவிடக்கூடாது. அக்கா வேதக்காரி, கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் ஒவ்வொரு கலியாணத்தன்றும் விடிய முதல் எழும்பி, எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, பேஸ்மென்டில் துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மெசினையும் போட்டுவிடுவார். மேலே இருப்பவர்கள், மனுசிக்கு இன்றைக்கும் வேலை ஓயவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு மூன்று கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நேரே கேட்டுவிட்டேன்.

"எங்கட பக்கத்திலையும் உது இருக்கு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் என்ரை முகந்தான் ஞாபகம் வரும். ஏன் வீண் வேலை?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்தில் நிலாணி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். தகப்பன் ஷெல் விழுந்து செத்துப் பல வருடம். தாய் சண்டைக்குள் அகப்பட்டு ஊரிலேயே இருந்தார். தமக்கைக்கு முன்னரே கலியாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை பிரசாந் யூனியன்வில்லில் தாய், தமையன் குடும்பத்தோடு இருந்தான். முதல் சனிக்கிழமை வந்து புல் வெட்டினான். எங்கள் பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கிழவியின் பக்கத்தையும் கேட்காமலே வெட்டினான். அக்கா தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டார். வாயில் வைக்க முடியாத இனிப்பு. அவன் மிச்சம் விடாமல் குடித்தான்.

நாள் வைப்பதில்தான் சிக்கல் வந்தது. ஆனியில் மண்டபம் கிடைக்கவில்லை. ஆடியில் யாரும் கலியாணம் செய்யமாட்டார்கள். ஆவணி பிறந்து, நிலாணியின் மூன்று மாதம் முடிவதற்கு முதல், ஐயர் தேடிக் கொடுத்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் நிலாணி திரும்பிப் போக வேண்டியதுதான். திரும்பிப் போவதென்றால் சண்டை நடக்கிற இடத்துக்குத்தான்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, பிரசாந்தின் தாய் இராஜேஸ்வரி அன்ரி வீடு பார்க்க வந்தார். வெளிறின சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி. அவருடைய கணவர் இறந்து நாலு வருடம் என்று பிரசாந் முன்னரே சொல்லியிருந்தான். நல்ல மனுசி மாதிரித்தான் இருந்தார். நிலாணியின் தலையைத் தடவினார். அக்காவின் மீன் கட்லட்டில் இரண்டு சாப்பிட்டார். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டு கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கட அவர் இருக்கிறாரோ?"

"இல்லை. எட்வேட் போய்ப் பத்து வருசம்" என்றார் அக்கா.

இராஜேஸ்வரி அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "அப்ப பிள்ளையை ரெண்டு நாளைக்கு முன்னம் ரெக்ஸ்டேலிலை என்ரை தங்கச்சி வீட்டை கொண்டுபோய் விடுவம். அங்கையிருந்து வெளிக்கிடட்டும். தங்கச்சி புருசன் பிள்ளையளோடை நல்லா இருக்கிறவள்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"நீங்கள் பிழையா விளங்கக்கூடாது" என்றார் இராஜேஸ்வரி அன்ரி. "நான் என்ன, முன்னுக்கு நிக்கப் போறனோ? என்ரை மகன்ரை கலியாணத்திலை நான் கடைசிக் கதிரையிலைதான் இருப்பன். மூத்தவனும் மருமகளுந்தான் எல்லாம் செய்வினம். எனக்குள்ள முறைதான் உங்களுக்கும்."

 கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் குசினித் தொட்டிக்குள் சத்தமாகப் போட்டேன். ஒன்றின் காது உடைந்தது.

"ஓம், அப்பிடியே செய்வம்" என்று அக்கா சொன்னது கேட்டது.

 பின்னேரம் நிலாணி குசினிச் சுவரில் இருந்த ரெலிபோனில் பிரசாந்தைக் கூப்பிட்டாள். நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒட்டுக்கேட்கத் தேவையும் இல்லை.

"நான் ரெக்ஸ்டேலுக்குப் போகமாட்டன். இந்த வாசலாலைதான் வருவன். எனக்கு இஞ்சை இதுதான் தாய் வீடு. உங்கட அம்மாவிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை.

அக்காதான் நடுங்கிப்போனார். "வாசலே பிள்ளை பெரிசு? எந்த வாசலாலை போனாலும் கலியாணம் கலியாணந்தான். நீ அவனுக்குத் திருப்பி ரெலிபோன் அடிச்சு, ரெக்ஸ்டேலுக்கு வாறன் எண்டு சொல்லு" என்று கெஞ்சினார். நிலாணி மாட்டேன் என்று தலையாட்டினாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலாணிக்குப் புத்தி சொல்வேன் என்று எதிர்பார்த்தாராக்கும். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தக் கிழமை ரெலிபோன் அடிக்கவில்லை. சனிக்கிழமை பிரசாந் வரவில்லை. ரெலிபோன் இருந்த சுவரைக் கடந்து போகும்போது எல்லோரும் கொஞ்சம் நின்று போனார்கள். அக்கா மட்டும் செபமாலையும் கையுமாகத் திரிந்தார்.

கலியாணக் கிழமையில், வேலை முடிந்த கையோடு பிரசாந் வந்தான். உள்ளே வராமல் நேரே புல் வெட்டுகிற மெசினை எடுத்தான். புல் வெட்டுகிற அளவுக்கு வளர்ந்திருக்கவேயில்லை. அக்கா வெளியே போனார். நான் படியில் இருந்தேன்.

"அம்மா ஓமெண்டிட்டா, அன்ரி" என்றான் அவன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "இந்த வாசலாலையே வரட்டாம். ஆனா அண்டைக்கு விடிய நீங்கள் வெளியிலை வரக்கூடாதெண்டு... நான் சண்டை பிடிச்சுப் பாத்தனான். அம்மா அழுகிறா."

அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கே உந்தப் பாடு? நான் எப்பவும் செய்யிறதுதானே. அம்மாவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு. நிலாணிக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான். அந்த நாக்கை ஒரு நாளைக்குக் கட்டி வை."

நான் ஓம் என்று தலையாட்டினேன். முதுகுக்குப் பின்னால் விரலைப் பின்னிக்கொண்டுதான், அப்படிச் செய்தால் கொடுத்த வாக்குச் செல்லாதாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குசினியில் பால்சோறு தயாராக இருந்தது. அக்காவைக் காணவில்லை. கீழே மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த அருள்நாயகம் அங்கிளும் அவருடைய மனைவியும் பெண்ணின் தாய் தகப்பனாக நின்று தாரை வார்க்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். நிறைகுடத்தோடு எதிரே வருவதும் அந்த அன்ரிதான். நிலாணியைச் சிவப்புச் சேலையில் உடுத்தி முடித்தபோது, வீட்டில் இருந்த பெட்டைகள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு வடிவு. பிரசாந்தின் தமையன் கிருபன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தான்.

"அக்கா எங்கை?" என்று கேட்டாள் நிலாணி.

 என் நாக்கு எனக்குத் தெரியும். "கீழை. லோன்றிக்குள்ளை. கலியாணத்தண்டு அவ எப்பவும் அங்கைதான்" என்றேன். பிறகு நிபந்தனையையும் சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

நிலாணி நகை எல்லாம் குலுங்கக் கீழே இறங்கினாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் கதவில் தட்டினாள்.

"அக்கா, திறவுங்கோ."

"போ பிள்ளை. நேரம் போகுது. கார் நிக்குது."

"நீங்கள் முழுவியளம் வராட்டி நான் வெளிக்கிடேல்லை."

"விசர்க்கதை கதையாதை. அவை அறிஞ்சு குழப்பினா? பிறகு எங்கை போவாய், சண்டைக்கு நடுவிலையோ?"

"ஓம். போறன்."

உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நிலாணி கதவோடு முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பெரியக்கான்ரை கலியாணத்திலை அம்மா குசினிக்குள்ளை நிண்டவ. தாலி கட்டுற மேளச் சத்தம் கேக்க, சட்டியைக் கழுவிக்கொண்டு நிண்டவ. எனக்கு அப்ப பதினாறு வயசு. வாங்கோ எண்டு போய்க் கையைப் பிடிச்சிருக்கலாம், பிடிக்கேல்லை. இண்டைக்கு அம்மாவைக் கூப்பிட எனக்கு வழியில்லை, அக்கா. உங்களைத்தான் கூப்பிடலாம்."

கொஞ்ச நேரத்தில் மெசின் நின்றது. கதவு திறந்தது. அக்கா பழைய சட்டையோடு, முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்றார். கண் சிவந்திருந்தது.

"உந்தக் கோலத்திலையே வாறது? ஒரு சேலையைச் சுத்திக்கொண்டு வாறன், பொறு" என்றார்.

நான் படியில் இரண்டு இரண்டாகப் பாய்ந்தேன். அக்கா பூசைக்கு உடுக்கிற நீலப் பட்டை எடுத்து உதறினேன். மேலே வந்த அக்காவிடம், அருள்நாயகம் அன்ரி ஒன்றும் நடக்காதவர் மாதிரி நிறைகுடத்தை நீட்டினார். "இந்தா பேர்ணடெற், நீயே பிடி. எனக்குக் காலையிலையிருந்து கை உளைவு" என்றார். அந்தக் கையால் அவர் அன்று காலை இரண்டு தேங்காய் துருவியதை நான் பார்த்திருந்தேன்.

அக்கா பக்கக் கதவால் வெளியே போய், வெட்டின புல்லைச் சுற்றி நடந்து, தெருவில் இருந்து வாசலுக்கு வருகிற பாதையில் ஏறினார். பச்சைக் கதவு திறந்தது. நிலாணி வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். எதிரே பேர்ணடெற் அக்கா வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, இரண்டு கையிலும் நிறைகுடம், தலை நிமிர்ந்த நடை. எத்தனையோ பெண்களை அனுப்பிய வாசல் அது. அன்றைக்குத்தான் அவர்களை அனுப்பியவர் முதன்முதலாக அதற்கு முன்னால் நின்றார்.  எங்கள் பெட்டைகளில் ஒருத்தி கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினோம். முழுவியளத்துக்குக் கைதட்டிய ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

காரில் சாய்ந்துகொண்டு நின்ற கிருபன் நிமிர்ந்தான். அவனுக்கு நிபந்தனை தெரியும். நிலாணி அக்காவின் கையைப் பிடித்துக் காருக்குள் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். அவன் கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

மண்டபத்தில் இறங்கியதும் அவன் நேரே தாயிடம் போனான். இராஜேஸ்வரி அன்ரி சொன்னபடியே கடைசி வரிசையில், சுவரோரம், தனியாக இருந்தார். கிருபன் குனிந்து அவர் காதில் சொன்னதை நான் தூரத்தில் நின்று பார்த்தேன்.  மணவறையில் பிரசாந் இருந்தான். ஐயர் மந்திரத்தைத் தொடங்கியிருந்தார். அந்த மனுசி எழும்பி ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆவணியில் வேறு நாள் இல்லை.

அக்காவும் பார்த்துவிட்டார். ஒளிக்கவில்லை. மண்டபத்தின் நடுவால் நேரே நடந்து கடைசி வரிசைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன், சண்டை வந்தால் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று.

"நீங்களோ முழுவியளம் வந்தது?" என்று கேட்டார் இராஜேஸ்வரி அன்ரி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஓம்."

"பிள்ளை கேட்டதோ, நீங்களா வந்தனீங்களோ?"

"பிள்ளை கேட்டது. வந்தது நான். பேசிறதெண்டா என்னைப் பேசுங்கோ, அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ."

 இராஜேஸ்வரி அன்ரி மடியில் கிடந்த கைக்குட்டையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். மேளகாரர் வாத்தியத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் தலையைத் தூக்கியபோது முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

"உங்களைக் கேட்டிருக்கினம்" என்றார். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. பெத்த பிள்ளையள் ரெண்டுபேரும் கேக்கேல்லை. நானே கடைசியிலை போய் இருந்தனான், ஓமோம். ஆனா ஒருத்தராவது ஏனம்மா அங்கை இருக்கிறாய் எண்டு கேட்டிருக்கலாம்."

கிருபன் பக்கத்தில்தான் நின்றான். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

தாலித்தட்டு அப்போது சபையில் வந்துகொண்டிருந்தது. தாலியையும் கூறைச் சேலையையும் தட்டில் வைத்து, பெரியவர்கள் ஒவ்வொருவரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டு வருவார்கள். அருள்நாயகம் அன்ரிதான் தட்டை வைத்திருந்தார். கணவனை இழந்தவர் தாலியைத் தொடக்கூடாது என்பதால், வழக்கம்போல் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையோடு தட்டு திரும்பியது.

"அன்ரி, திரும்பாதேங்கோ. இஞ்சாலையும் கொண்டு வாங்கோ. மாப்பிள்ளையின்ரை தாய் இஞ்சை இருக்கிறா" என்றார் பேர்ணடெற் அக்கா.

அவர் கத்தவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்தான். ஆனால் மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மணவறையில் இருந்த பிரசாந் மாலையோடு எழும்பி நின்றுவிட்டான். இரு என்று யாரோ அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் இருக்கவில்லை.

அக்கா கையை நீட்டினார். "எழும்புங்கோ. நான் கேக்கிறன்."

இராஜேஸ்வரி அன்ரி எழும்பினார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். தட்டு முன்னால் வந்ததும் ஒரு கையை நீட்டி, பயந்தவர் மாதிரி இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டு திரும்பப் போக, அவர் அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுங்கோ, இவ இன்னும் தொடேல்லை. இவதான் பொம்பிளையின்ரை தாய்" என்றார்.

அக்கா தொட்டார். மேளம் அடித்தது. மகன் தாலி கட்டுவதை இராஜேஸ்வரி அன்ரி நின்றுகொண்டே பார்த்தார், கடைசிவரை அக்காவின் கையை விடவில்லை.